அந்த இடத்தைக் கேட்டீங்களா?

அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்து எடிசனில் குடியேறிய நாலாவது வருஷம், ஆறாம் வகுப்புக்குப் போன என் மகள் பள்ளியிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே, மாத வாடகைக்கு எடுத்த ஆல்டோ சாக்ஸபோன். வயலின் எடுப்பாள், ஊரில் பாட்டியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்த என் மனைவி ஒரு வாரம் பொறுத்தாள். எட்டாம் நாள், "ஏங்க, கன்னுக்குட்டி வேலியில மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. இதுல நல்ல சத்தம்னு ஒண்ணு வருமா? வந்தா அவளுக்குப் போட்டுக் காட்டுங்களேன்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக ஜாஸ் பக்கம் போனவன் நான்.

கணினி வேலையில் இருப்பவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதானே, பட்டியல். கேட்டே ஆக வேண்டிய நூறு ஆல்பங்கள் என்று ஒரு பட்டியலைப் பிடித்து எக்செல்லில் போட்டேன். ரூட் 1 சாலையில் வேலைக்குப் போக முக்கால் மணி, திரும்பி வர ஒரு மணி. கேட்டதற்கெல்லாம் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டே வந்தேன். மூன்று மாதத்தில் அறுபது கட்டங்கள் பச்சையாகிவிட்டன. ஆனால் ஒரு மெட்டைக்கூட வாய்விட்டு முணுமுணுக்கத் தெரியவில்லை. எது ட்ரம்பெட், எது ட்ராம்போன் என்ற குழப்பம் அப்படியே இருந்தது. எல்லாம் சேர்ந்து ஏதோ ஓட்டல் லிஃப்டில் நிற்பது மாதிரி ஓர் உணர்வுதான் மிச்சம்.

மகளின் பேண்ட் ஆசிரியை ஒருநாள் பெற்றோர் சந்திப்பில் இதைக் கேட்டுச் சிரித்தார். "எங்கப்பா வீட்டுக்கு வாங்க. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை சில பேர் கூடுவோம். ஆளுக்கு ஒரு ரெக்கார்டு கொண்டுவரணும், அவ்வளவுதான்."

அப்பா ஓய்வுபெற்ற தபால்காரர். நெவார்க்கில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெரியவர், எழுபது தாண்டியவர். பேஸ்மென்டில் மூன்று சுவரை இசைத்தட்டு அடைத்துக்கொண்டிருந்தது. நாலாவது சுவரில் வாஷிங் மெஷின். நான் போகிற வழியில் புத்தம்புதிதாக வாங்கிய மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பத்தைப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நீட்டினேன். ஜாஸ் கூட்டத்துக்கு அதைக் கொண்டுபோவது திருவையாற்றுக்குப் போய் 'எந்தரோ மஹானுபாவுலு தெரியுமா?' என்று கேட்பது மாதிரி என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் தட்டை ஏற்றிவிட்டு, ஊசிக்கையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"எந்த இடம்?"

"ஆரம்பத்திலிருந்தே போடலாமே."

"ஆரம்பத்திலிருந்துதான் போடப்போறேன். நாங்க எந்த இடத்துக்குக் காத்திருக்கணும்னு கேக்கறேன்."

எனக்குப் பதில் வரவில்லை. முழுசும் நன்றாக இருக்கும் என்று ஏதோ சொன்னேன். அப்போதுதான் கும்பகோணத்துப் பெரியப்பா ஞாபகத்துக்கு வந்தார். கச்சேரிக்குப் போய்விட்டு வந்தால் 'நல்லா இருந்தது' என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. திண்ணையில் செருப்பைக் கழற்றும்போதே, "அந்த இடத்தைக் கேட்டியாடா? காம்போதியில மேல போய் நின்னுட்டு ஒரு மூச்சுல இறங்கினானே, அந்த இடம்!" என்று ஆரம்பித்துவிடுவார். மூன்று மணி நேரக் கச்சேரியில் இவருக்கு மூன்று விநாடிதான் மிஞ்சியதா என்று எரிச்சலாக இருக்கும். இப்போது பூமியின் மறுபக்கத்தில் ஒருவர் அதையே கேட்கிறார், என்னிடம் அந்த மூன்று விநாடிகூட இல்லை.

பெரியவர் என்னை விட்டுவிட்டு, தானே ஓர் இடம் சொன்னார். முதல் பாட்டு 'ஸோ வாட்'. பேஸ், அதாவது கட்டைக்குரலில் பேசுகிற பெரிய தந்தி வாத்தியம், கேள்வி கேட்கும், மற்றவர்கள் இரண்டே சுரத்தில் பதில் சொல்வார்கள். ஒன்றரை நிமிடம் ஆகும்போது மைல்ஸ் டேவிஸின் ட்ரம்பெட் தனியாகக் கிளம்பும். அது கிளம்புகிற அந்த நொடியில் டிரம்மர் ஜிம்மி காப் சிம்பலில் ஒரு அடி அடிப்பார். "அந்தச் சிம்பல் ஓயறவரைக்கும் கேளு. வேற எதையும் கேக்காதே."

கேட்டேன். மழை விட்ட பிறகு தகரக் கூரையில் தண்ணீர் வழிகிற மாதிரி அந்த ஓசை மெல்ல மெல்ல வடிந்தது. வடிகிற அந்த ஓசைக்குள்ளிருந்துதான் ட்ரம்பெட் நடந்து வெளியே வருகிறது. காரில் நாலு தடவை கேட்டிருக்கிறேன் இதை! ஒரு தடவைகூட அந்த அடி காதில் விழுந்ததில்லை.

அன்றிரவு வீட்டுக்கு வந்து ஹெட்போனில் மறுபடி போட்டபோது இன்னொன்று பிடிபட்டது. இதை நம் ஊர்க் காது உள்ளவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பாட்டில் வருகிற சுரங்களை வரிசையாக வைத்தால் கரகரப்பிரியா. கமகம் கிடையாது, பிடிகள் வேறு, ஆனால் ஏழு சுரமும் அதேதான். ஜாஸ்காரர்கள் அதை டோரியன் என்கிறார்கள். தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு கேட்டால் எட்டு ஆவர்த்தனம் அதே இடத்தில் நிற்கும். பிறகு சுருதியே அரை சுரம் மேலே ஏறி நாலு ஆவர்த்தனம். திரும்ப இறங்கி நாலு. மொத்தம் பதினாறு. அதுதான் ஒரு சுற்று, கோரஸ் என்பார்கள். வாசிக்கிறவர் யாராக இருந்தாலும் அந்தப் பதினாறு ஓடிக்கொண்டே இருக்கும். நம் கச்சேரியில் தம்பூரா அசையாது, சுருதி ஏறுகிற பேச்சே இல்லை. அதனால்தானோ என்னவோ, அந்த ஏற்றம் வரும்போது நாற்காலியை யாரோ லேசாகத் தூக்கிவைத்தது போலிருந்தது. மைல்ஸ் டேவிஸ் இரண்டு சுற்று முடித்து சாக்ஸபோன் வாசிக்கிற ஜான் கோல்ட்ரேனிடம் விடுகிறார், அவர் இன்னொரு சாக்ஸபோன்காரர் கேனன்பால் ஆடர்லியிடம், அடுத்து பில் எவன்ஸின் பியானோ. யார் எங்கே ஆரம்பிக்கிறார்கள் என்று விரலில் எண்ணிச் சொல்ல முடிந்த அன்று, ஒரு பரீட்சை பாஸானவன் மாதிரி மனைவியை எழுப்பிச் சொன்னேன். மணி ஒன்று. அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஆக, ஜாஸ் பிடிபடவில்லை என்பவர்களுக்கு என் முதல் யோசனை இதுதான்: மெட்டை விட்டுவிட்டுச் சுற்றை எண்ணுங்கள். பாதிப் பாட்டுகள் இப்படி 32 பார், இல்லாவிட்டால் 12 பார் கொண்ட புளூஸ். ஒரு பாருக்கு நாலு அடி, ஆக நான் எண்ணிய பதினாறு ஆவர்த்தனம்தான் அந்த 32 பார். முதலில் எல்லோருமாகச் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள், அது பல்லவி. அப்புறம் ஆளாளுக்கு மனோதர்மம். கடைசியில் மறுபடி மெட்டு. எண்ணிக்கை கைக்கு வந்துவிட்டால் 'இவங்க இஷ்டத்துக்கு ஊதறாங்க' என்ற எண்ணம் தானாகப் போய்விடும்.

இந்த ஆல்பத்தாலேயே வீட்டில் ஒரு கலவரமும் நடந்தது. மகள் கூடவே வாசித்துப் பழகட்டும் என்று, ஒரு வீட்டு வாசல் விற்பனையில் அறுபதுகளில் அடித்த பழைய தட்டு ஒன்றை வாங்கிவந்தேன். பழசுதான் அசல் என்ற கெத்து. ட்யூனரில் பார்த்தால் அவள் சாக்ஸபோன் சரியாக இருக்கும், ரெக்கார்டோடு சேர்த்தால் சேராது. கொஞ்சமே கொஞ்சம் இறங்கி நிற்கும். ரீடை மாற்றினாள், ஊதுவாயை இழுத்துத் தள்ளினாள், இரண்டு மணி நேரப் போராட்டம். "கவனமா வாசி"ன்னு நான் வேறு கத்தினேன். அழுதுவிட்டாள். பிறகு பெரியவரிடம் சொன்னபோது அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். 1959 மார்ச் 2 அன்று, முதல் பக்கத்தைப் பதிவு செய்த நாளில், ஒலிநாடா இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் திரும்பப் போடும்போது வேகமும் சுருதியும் சற்றே கூடி ஒலிக்கும். உலகம் முழுக்க முப்பது வருஷத்துக்குமேல் அந்தப் பக்கத்தை அப்படித்தான் கேட்டது. 1992-ல் வந்த மறுபதிப்பில்தான் சரிசெய்தார்கள். கூடவே வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் அதற்குப் பிந்தைய பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மகளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். ஒரு பீட்சாவும் ஆனது.

அந்த பேஸ்மென்டின் விதிகளை யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் மீறினால் தெரியும். ஆளுக்குப் பத்து நிமிடம். போன் மேலே சமையலறை மேசையில். போடுவதற்கு முன் ஓர் இடம் சொல்ல வேண்டும், ஒரே ஒரு வாக்கியத்தில். மற்றதையெல்லாம் பாட்டு முடிந்த பிறகு பேசலாம். 'இதுவரை வந்ததிலேயே சிறந்தது' என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆறு பேருக்குமேல் ஆள் சேர்ப்பதில்லை. ஏழாவது ஆள் வந்தாலே அது கேட்கிற கூட்டமாக இருப்பதில்லை, விருந்தாகிவிடுகிறது என்பது ஆசிரியையின் கணக்கு.

தின்பண்டம் பற்றி விதி இல்லாமல் இருந்தது. என்னால் வந்தது. இரண்டாவது மாதம் மனைவி சுட்ட கை முறுக்கு ஒரு டப்பா கொண்டுபோனேன். எல்லோருக்கும் பிடித்துப்போனது. அன்றைக்குப் பார்த்து பில் எவன்ஸ்.

பில் எவன்ஸ் பிறந்த பிளெயின்ஃபீல்டு எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம்கூட இல்லை. அவரோடு பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ நெவார்க்கில் பிறந்தவர். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என்ற உரிமையோடுதான் பெரியவர் அந்தத் தட்டை எடுப்பார். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் வில்லேஜ் வேன்கார்டு என்ற அடித்தள கிளப். மதியமும் மாலையுமாக ஐந்து அமர்வுகள் வாசித்ததை அப்படியே பதிவு செய்தார்கள். டிரம்ஸில் பால் மோஷியன், பெரும்பாலும் குச்சிக்குப் பதில் பிரஷ்தான். முதல் பாட்டின் நடுவே மின்சாரம் போய், ரெக்கார்டிங் அறுந்ததுகூட பிற்பாடு வந்த முழுத் தொகுப்பில் இருக்கிறது. அதற்குப் பதினோராவது நாள், ஜூலை 6, லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. எவன்ஸ் பல மாதங்கள் மேடை ஏறவில்லை.

இதெல்லாம் பாட்டு முடிந்த பிறகு சொன்னது. முன்னால் சொன்னது இவ்வளவுதான்: "பியானோவை மறந்துடு. பேஸ் எங்கே பியானோவுக்குத் துணையா நிக்கறதை விட்டுட்டுக் கூடவே பேச ஆரம்பிக்குதுன்னு பாரு." காத்திருந்தோம். லஃபாரோவின் விரல் மேலே ஏறி, மெல்லிய தழுதழுத்த குரலில் ஏதோ சொல்லத் தொடங்கியது. அந்த நேரத்தில் என் வாயில் முறுக்கு. கடிக்கவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் இருந்த டிரம்ஸ் படிக்கிற கொரியப் பையன் கடித்தேவிட்டான். பெரியவர் திரும்பிப் பார்த்த பார்வைக்குப் பிறகு நான் கேசரிதான் கொண்டுபோகிறேன்.

ரெக்கார்டில் ஏற்கெனவே அந்தச் சத்தங்கள் இருக்கின்றன என்பது வேறு விஷயம். கண்ணாடி டம்ளர்கள் உரசுவது, யாரோ சிரிப்பது, கேட்காமல் அரட்டை அடிப்பது எல்லாம் அந்தத் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்று அங்கே இருந்தவர்களில் சிலருக்கு அது வெறும் ஞாயிற்றுக்கிழமை.

அடுத்த கோடையில் மனைவியோடு வேன்கார்டுக்கே போனேன். எடிசனிலிருந்து ரயிலில் பென் ஸ்டேஷன், அங்கிருந்து 1-ஆம் எண் சுரங்க ரயிலில் கிறிஸ்டோபர் தெரு. சிவப்புப் பந்தல் போட்ட சின்னக் கதவு, செங்குத்தான படிக்கட்டு, கீழே முக்கோணமாக ஒடுங்குகிற ஓர் அறை. 1935-ல் ஆரம்பித்த இடம். நூற்றுச்சொச்சம் பேர் உட்காரலாம். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம்கூட இதைவிடப் பெரிது. மனைவி சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்கயா அவ்வளவும்?" என்றாள். வாசிப்பு தொடங்கியதும் பக்கத்து மேசையில் ஒரு கிளாஸ் கிளிங் என்றது. அவள் என் கையைக் கிள்ளினாள். "அந்த ரெக்கார்டுல வர்ற சத்தம்!"

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சீக்கிரம் போய் டிரம்ஸ் பக்கமாக உட்காருங்கள். மேடையில் யார் யாரைப் பார்க்கிறார்கள், எந்தக் கண்ணசைவில் அடுத்தவர் ஆரம்பிக்கிறார் என்பதெல்லாம் அங்கிருந்து தெரியும். வீட்டுக்கு வந்து ரெக்கார்டு கேட்கும்போது அந்தக் கண்ணசைவுகள் காதிலும் கேட்கத் தொடங்கும்.

நான் சொதப்பிய மாதத்தையும் சொல்லிவிடுகிறேன். நாலைந்து கூட்டம் ஆனதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது, கூடவே நம் ஊர்ப் பெருமையும். கிட்டார்காரர் ஜான் மெக்லாக்லினின் 'சக்தி' குழுவின் முதல் ஆல்பத்தை எடுத்துப்போனேன். 1975-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் நேரடியாகப் பதிவானது. எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ஆர். ராகவன் மிருதங்கம். போடுவதற்குமுன் கொன்னக்கோல் என்றால் என்ன, கோர்வை எப்படி மூன்று தடவை வரும், கடம் மானாமதுரை மண்ணில் செய்வது என்று ஆரம்பித்தேன். நிறுத்தத் தெரியவில்லை. தகதிமி எல்லாம் சொல்லிக்காட்டினேன். இருபது நிமிடம். பெரியவர் ஊசிக்கையைப் பிடித்தபடியே இருந்தார். கடைசியில், "ஊசி துருப்பிடிக்குது" என்றார். வைர ஊசி துருப்பிடிக்காது. பாட்டைப் போட்டபோது ஒருத்தர் காதும் மிச்சமில்லை. நல்ல இசையை நானே பேசிக் கொன்றேன்.

அடுத்த மாதம் வாயைக் கட்டிக்கொண்டு போனேன். கொண்டுபோனது ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா', 1971-ல் வந்தது. "முதல்ல தம்பூரா, அதுமேல பேஸ் வந்து உட்கார்ற இடம்" என்று மட்டும் சொன்னேன். செசில் மெக்பீயின் பேஸ் அந்த ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்ல, ஆலிஸின் ஹார்ப் அதன்மேல் தண்ணீர் தெளிக்கிற மாதிரி வர, ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன் பின்னால் வந்து சேரும். முடிந்ததும் ஒரு வாக்கியம்: "உறைமேல் பேர் இருக்கே, அந்தச் சாமியார் எங்க தமிழ்நாட்டுல, கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்துக்காரர்." வெளிவந்த வருஷத்திலிருந்து அந்தத் தட்டை வைத்திருக்கிறாராம் பெரியவர். எழுந்துபோய்த் தன் பிரதியை எடுத்து, உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செட்டி..." என்று இழுத்தார். சொல்லிக்கொடுத்தேன். வாய் நுழையவில்லை. மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார், என் கணக்கில் இரண்டாவது பத்து நிமிடம். அதுவரை யாருக்கும் கிடைக்காத சலுகை.

ஒரு டிசம்பர் வெள்ளியன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. தனியாகக் கார் ஓட்ட வேண்டாம் என்று மனைவியும் கூட வந்தாள். அன்று பெரியவரின் முறை, ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்'. 1964 டிசம்பர் 9 அன்று ஒரே நாளில், நியூஜெர்சியிலேயே எங்கிள்வுட் கிளிஃப்ஸில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் பதிவானது. நாலு பகுதிகள், மொத்தமே அரைமணிச் சொச்சம். முதல் பகுதியில் பேஸ் தொடங்கிவைக்கிற நாலு சுரத்தை, பிற்பாதியில் கோல்ட்ரேன் ஒவ்வொரு சுருதியாகத் தூக்கித் தூக்கி எல்லாச் சுருதியிலும் வைத்துப் பார்ப்பார். பிறகுதான் அதையே வாயால் ஜபம் மாதிரி சொல்வார்கள். அந்த இடம்தான் ஊருக்கே தெரிந்த இடம். பெரியவர் அதைச் சொல்லவில்லை. இரண்டாம் பக்கத்தைப் போட்டு, நாலாவது பகுதி வரப்போகும்போது விரித்த உறையை என் மனைவி மடியில் வைத்தார். உள்ளே கோல்ட்ரேன் எழுதிய பிரார்த்தனை அச்சாகியிருந்தது.

"விரலை வெச்சுப் படிச்சுக்கிட்டே வாம்மா" என்று அதட்டலும் அன்புமாக ஆங்கிலத்தில் சொன்னார். நம் ஊர்ப் பெரியவர் சொன்ன மாதிரியேதான் கேட்டது.

பாட்டில் யாரும் பாடவில்லை. தாளமும் இல்லை. டிரம்மர் எல்வின் ஜோன்ஸ் பெரிய முரசில் அலை எழுப்புவது போல உருட்டிக்கொண்டிருக்கிறார். சாக்ஸபோன் மட்டும் நிறுத்தி நிறுத்திப் போகிறது. மனைவியின் விரல் வரிமேல் நகர்ந்தது. நாலாவது வரியில் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சாக்ஸபோன் அந்தச் சொற்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, அசை அசையாக. இறைவனுக்கு நன்றி சொல்கிற வரி திரும்ப வரும்போதெல்லாம் குரல் அதே மாதிரி கீழே இறங்கி உட்கார்ந்தது.

முடிந்ததும் அவள் சொன்னாள், "இது விருத்தம்ங்க."

என்ன என்று பெரியவர் கேட்டார். தாளம் இல்லாமல், ஒரு செய்யுளை ராகத்தில் நிறுத்தி நிறுத்திப் பாடுவது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். ஊசி துருப்பிடித்தது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். ஆசிரியை, "பாடிக் காட்டுங்களேன்" என்றார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் நான் கேட்டு அவள் பாடியதில்லை. வாஷிங் மெஷின் பக்கம் பார்த்தபடி, அருட்பாவிலிருந்து நாலு வரி பாடினாள். சின்ன வயதில் திருப்பூரில் வெள்ளிக்கிழமை வகுப்பில் கற்றதாம். யாரும் கைதட்டவில்லை. பெரியவர் எழுந்துபோய் அதே நாலாம் பகுதியை மறுபடியும் போட்டார்.

பட்டியலைத் தூக்கிப் போட்டபிறகு அடுத்த ஆல்பத்தை எப்படித் தேடுவது என்று கேட்பீர்கள். உறையின் பின்பக்கம்தான் வழி. ஆல்பத்தை யார் பெயரில் போட்டிருந்தாலும் உள்ளே நாலைந்து பேர் இருப்பார்கள். பிடித்த இடத்தை வாசித்தவர் யார் என்று பார்த்து, அவர் வேறு எங்கே வாசித்திருக்கிறார் என்று போய்க்கொண்டே இருக்கலாம். எல்வின் ஜோன்ஸைப் பிடித்துக்கொண்டு போனால், பதினைந்தே நாள் கழித்து, அதே டிசம்பர் 24 அன்று, அதே ஸ்டூடியோவில் சாக்ஸபோன்காரர் வேய்ன் ஷார்ட்டரின் 'ஸ்பீக் நோ ஈவில்' ஆல்பத்துக்கு வாசித்துக்கொண்டிருப்பார். ஷார்ட்டரும் நெவார்க் பிள்ளைதான். அதே அறை, அதே கை, அப்படியே வேறு மனுஷன் மாதிரி இருக்கும். இரண்டையும் ஒரே இரவில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு வழி வானொலி. நெவார்க்கிலிருந்து 88.3-ல் வருகிற டபிள்யூ.பி.ஜி.ஓ.வில் நாலு பாட்டு போட்டுவிட்டு, யார் யார் வாசித்தார்கள் என்று நிதானமாகச் சொல்வார்கள். அந்தப் பெயர்களுக்காகவே வீட்டு வாசலில் காரை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

பழைய தட்டு வாங்குவதில் நான் பட்டது ஒன்று. போட்டோவை நம்பி, முகம் தெரியாத ஒருவரிடம் டியூக் எலிங்டனின் நியூபோர்ட் கச்சேரித் தட்டை வாங்கினேன். அலைபோல வளைந்து வந்தது. ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்தாலே தலை சுற்றும். பணம் திரும்பி வரவில்லை. கடைக்குப் போய் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து வாங்குவதுதான் நல்லது. பிரின்ஸ்டனில் இருக்கிற ரெக்கார்டு எக்ஸ்சேஞ்சுக்கு மாதம் ஒருமுறையாவது போய்விடுகிறேன்.

வளைந்த தட்டைப் பார்த்துப் பெரியவர், "நல்லதாப் போச்சு. நீ வாங்கினது அந்தக் கச்சேரியே இல்லை" என்றார். 1956 ஜூலை 7 ராத்திரி பால் கொன்சால்வஸ் டெனர் சாக்ஸபோனில் 27 சுற்று விடாமல் வாசித்துக் கூட்டத்தை எழுப்பிவிட்டார், அது சரித்திரம். ஆனால் அவர் நின்று வாசித்தது ரெக்கார்டுக்காரர்களின் மைக்கில் அல்ல, பக்கத்திலிருந்த வானொலியின் மைக்கில். தட்டில் அவர் எங்கோ தூரத்திலிருந்து வாசிப்பது போல இருக்கும். மற்றப் பாட்டுகளில் பெரும்பகுதியை மறுபடி ஸ்டூடியோவில் வாசித்து, கைதட்டலை ஒட்டினார்கள். வானொலியின் ஒலிநாடா பிற்பாடு கிடைத்து, இரண்டையும் சேர்த்து 1999-ல் வந்த பதிப்புதான் அந்த ராத்திரி. அதைப் போட்டு 27-ஐயும் விரல்விட்டு எண்ணினோம். பன்னிரண்டு பார் புளூஸ், எண்ணச் சுலபம். இருபதுக்குப் பிறகு எண்ண முடியாது, கூட்டம் கத்துகிற கத்தில் நீங்களும் கத்துவீர்கள்.

விஜய் ஐயரை எனக்குக் காட்டியது அந்தக் கொரியப் பையன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தமிழ்ப் பெற்றோருக்கு நியூயார்க் மாநிலத்தில் பிறந்த பியானோக்காரர், அவர் பெயரை நான் ஒரு பெருமைப் பெயராக மட்டும் தெரிந்துவைத்திருந்தேன். பையன் 2012-ல் வந்த 'ஆக்சிலராண்டோ'வைப் போட்டு, மார்கஸ் கில்மோரின் டிரம்ஸைக் கேட்கச் சொன்னான். பியானோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எண்ணாதீங்க அங்கிள், விட்டுடுவீங்க" என்றான். எண்ணினேன். விட்டுவிட்டேன்.

இந்த மாதம் பெரியவர், சாக்ஸபோன்காரர் லெஸ்டர் யங் 1936-ல் முதன்முதலாக ஸ்டூடியோவில் வாசித்த தட்டுகளிலேயே இருக்கிறார். காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது, பேஸ் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் கைவைத்துக்கொண்டு கேட்கிறார். ஆசிரியைக்குப் பியானோக்காரர் மேரி லூ வில்லியம்ஸ். பையன் வேறு ஊருக்குப் போய்விட்டான், டிரம்ஸ் வேலைதான். என் மகள் கல்லூரி போய் இரண்டு வருஷமாகிறது. சாக்ஸபோனைக் கூடவே கொண்டுபோயிருக்கிறாள், பெட்டி இப்போது கனமாக இல்லையாம்.

அவளிடமிருந்து நலம் விசாரித்து மெசேஜ் வருவது அபூர்வம். போன சனிக்கிழமை ஓக் ட்ரீ ரோட்டில் மளிகை வாங்கிவிட்டுக் காரில் ஏறும்போது போன் அதிர்ந்தது. "சாரா வான், கிளிஃபர்டு பிரவுனோட பண்ணினது. முதல் பாட்டு, 2:50." வேறு ஒன்றும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை. திரும்பப் போட்டேன். மூன்றாவது தடவையும் அவள் எதைச் சொல்கிறாள் என்று தெரியாமல், ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோனபோது வீட்டிலிருந்து போன்.

"எங்க இருக்கீங்க? இட்லி மாவு வெயில்ல பொங்கிடும், வாங்க."

"ரெண்டு நிமிஷம். நம்ம பொண்ணு ஒரு இடம் அனுப்பியிருக்கா."

"எனக்கும் அனுப்பினா" என்றாள். "அது 2:50 இல்லை. ரெண்டு செகண்டு முன்னாலயே ஆரம்பிக்குது."